ரெண்டாம் நம்பர் வீடு

அத்தியாயம் 14

மாடசாமி வீட்டுக்குக் கேமரா வந்து மூன்று வாரம் ஆகிறது. தெருமுனையில் ஒரு டீச்சரம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். அந்தச் செய்தி புனே வரைக்கும் போய், கம்பெனி வேலையாக அங்கே தங்கியிருக்கும் மகன் கமலக்கண்ணனின் தூக்கத்தைக் கெடுத்தது. அவன் படுத்திய பாட்டில் வாசலுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று என்று கேமரா மாட்டியாகிவிட்டது. ஓசூரில் அம்மா காய் நறுக்குவதைப் புனேயில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்க்கிறான் பிள்ளை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்த வாரம் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் ஒரு பெயரைச் சொல்லக் கூடாது. ராஜலட்சுமி. மாடசாமியின் மகள். நாலு வருஷத்துக்கு முன்னால், தன்னோடு அசெம்பிளி லைனில் வேலை பார்த்த கோபியைக் கட்டிக்கொண்டு போனவள். கோபி இந்த ஊர்க்காரன், வேறு சாதி. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, சிப்காட்டில் சூப்பர்வைசராகி, தன் ஆட்கள் நடுவில் ஒரு மரியாதையைச் சேர்த்து வைத்திருந்த மாடசாமி அன்றைக்கு ஆடிய ஆட்டம் தெருவுக்கே தெரியும். கடைசியில் பெண்டாட்டி பேச்சியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். இனி மகள் முகத்தில் விழிக்க மாட்டேன், விழித்தால் என் புருஷன் எனக்கில்லை. பேச்சியம்மாள் அழுதுகொண்டே அப்படியே சொன்னாள்.

சொன்னதைக் காப்பாற்றவும் செய்தாள். போன வருஷம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் குழந்தையோடு ராஜலட்சுமி எதிரே வந்து அம்மா என்று கூப்பிட்டபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பாகலூர் போய்த் திரும்பி வந்தவள், மருமகள் சத்யப்ரியாவிடம் மட்டும் சொன்னாள். குழந்தை ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாடசாமி வழக்கம்போல ஓ.டி. என்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். ரிட்டயர் ஆகிற வயதில் இந்த மனுஷனுக்கு மட்டும் ஞாயிறுதோறும் எங்கிருந்துதான் வேலை வருகிறதோ என்று பேச்சியம்மாள் பாதிப் பெருமையும் பாதி எரிச்சலுமாகச் சொல்வாள். கம்பெனி தன் தலையில்தான் நிற்கிறது என்று அவரும் நம்ப வைத்திருந்தார்.

காலையில் கரண்ட் போய் வந்தது. வந்த கொஞ்ச நேரத்தில் புனேயிலிருந்து போன். கேமரா திறக்கவில்லையாம். ஏதோ எர்ரர் என்கிறதாம். சத்யப்ரியா மோடத்தை அணைத்துப் போட்டாள், கேமராப் பெட்டியை அணைத்துப் போட்டாள், புருஷன் சொன்ன எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கமலக்கண்ணன் குரலை உயர்த்த ஆரம்பித்ததும், மாட்டியவனையே கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டு முனிவேலைக் கூப்பிட்டாள்.

முனிவேல் கேமரா மாட்டுகிற பையன். பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கடை. அவன் பொறுமையாக விளக்கினான். கரண்ட் போய் வருகிறபோதெல்லாம் மோடத்தின் நம்பர் மாறிவிடும். அதற்காகத்தான் நெட்டில் ஒரு பெயரை வாங்கி அந்த நம்பரோடு கட்டி வைத்திருக்கிறான். நம்பர் மாறினாலும் பெயர் அதன் பின்னாலேயே போகும். மோடத்தில் கேமராவுக்கென்று ஒரு வழியும் திறந்து விட்டிருக்கிறான். வெளியே இருந்து அந்தப் பெயரை அடித்தால் நேரே வீட்டுக்குள் வந்துவிடலாம்.

சத்யப்ரியா அந்தப் பெயரைத் தானும் அடித்துப் பார்த்ததாகவும், தனக்கும் வரவில்லை என்றும் சொன்னாள்.

"உங்க வீட்டுக்குள்ள இருந்துக்கினு உங்க வீட்டை அந்தப் பேர்ல திறக்க முடியாதுங்க மேடம். இந்த மோடம் அப்படி. அந்தப் பேரோட கடைசியில ஒண்ணு இருக்குதில்லைங்களா, அதை எடுத்துட்டு ரெண்டு போடுங்க. அது வந்துட்டா பேரு சரியாதான் இருக்குதுன்னு அர்த்தம். அப்புறம் உங்க மோடத்தை மட்டும் நான் வந்து பாத்துக்கறேன்."

"ரெண்டா? அது என்ன?"

"சாரோட இன்னொரு வீடுங்க. மத்திகிரி வீடு."

அப்படி ஒரு வீடு இருப்பதே சத்யப்ரியாவுக்குத் தெரியாது. ஆனால் அவள் கெட்டிக்காரி. ஓ, அதுவா என்றாள், தெரிந்ததுபோல. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாள். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், தன் மண்டையில் இரண்டு நிற்காது என்று சார்தான் அப்படி வைக்கச் சொன்னார் என்றான் முனிவேல். வெகுளிப் பையன். ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கிறோம் என்று தெரியாமலேயே போனை வைத்தான்.

மாமாவுக்கு இன்னொரு வீடு.

மூன்று வாரமாக அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது இப்போது விளங்கியது. கம்ப்யூட்டர் பக்கமே வராத மாடசாமி, கேமரா வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். வாசலைக் கவனிக்கிறேன் என்பார். யாராவது பக்கத்தில் போனால் மவுஸைப் போட்டு உருட்டி எல்லாவற்றையும் மூடிவிடுவார். வாசலைப் பார்த்து ஒரு மனுஷன் எதற்குத் தனியாகச் சிரிக்க வேண்டும் என்று அவள் யோசித்திருக்கிறாள்.

மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். பெரியவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று விட்டிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா? அவளும் விடவில்லை. இரண்டைப் போட்டாள், பாஸ்வேர்டை அடித்தாள், என்டரைத் தட்டினாள்.

திரை இரண்டாகப் பிரிந்து வந்தது. வலது பாதியில் கம்பிக் கதவு போட்ட ஒரு வாசல். இடது பாதியில் ஒரு ஹால். நீலச் சுவர், தரையில் பாய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். படம் விட்டு விட்டுத்தான் நகர்ந்தது. கை இங்கே இருந்தது, அடுத்தாற்போல் அங்கே இருந்தது.

அடுப்படிப் பக்கமிருந்து மாடசாமி வந்தார். மேலே சட்டை இல்லை. கைலியை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு கையிலும் காப்பி டம்ளர். இந்த வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடாத மனுஷர், அந்த வீட்டில் காப்பி போட்டுக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

சத்யப்ரியா பதறிப்போய் மூடப் பார்த்தாள். அவசரத்தில் மவுஸ் வேறெங்கோ போனது. அதற்குள் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள், ஈரக் கையோடு வந்து நின்றிருந்தாள்.

"அது உங்க மாமால்லா" என்றாள்.

சத்யப்ரியா மறுபடி மவுஸைத் தேடினாள்.

"கம்பெனியில இல்லியா? யாரு வீடு அது? யாருட்டி அந்தப் பொம்பளை?"

தெரியாது அத்தை என்று சொல்வதற்கு வாயெடுத்தாள் மருமகள். அப்போது உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து மாடசாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. துணி மடித்த பெண் குழந்தையைப் பிடிக்கத் திரும்பினாள். முகம் முழுதாகத் திரையில் வந்தது.

ராஜலட்சுமி.

பேச்சியம்மாள் சட்டென்று இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். சத்யப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. மயக்கம் வருகிறதோ என்று தோளைப் பிடித்தாள். மொச்சைத் தோல் ஒட்டிய விரல்களுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஏட்டி சத்யா, கண்ணாடியில தெரியுதது கணக்குல சேருமா? நான் முழிச்சிட்டேனே. அவுகளுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

எந்த மனுஷனின் உயிருக்காக இவள் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாளோ, அந்த மனுஷன் அங்கே மகளுக்கு எதிரே உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பேச்சியம்மாளே கேட்டாள். கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"உங்க மாமா அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டா இருக்காவ?"

"ஆமா அத்தை."

"சிரிக்காவளா?"

"சிரிக்கிறாரு."

கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. பேச்சியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெகு நேரம் பார்த்தாள். மாடசாமி பாயில் மண்டியிட்டு யானையானார். பேத்தி முதுகில் ஏறிக்கொண்டது. ராஜலட்சுமி எதற்கோ சிரித்தாள். சத்தமே இல்லாமல் அவ்வளவும் நடந்தது. அந்தச் சிரிப்பைப் பேச்சியம்மாள் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. கொஞ்சம் மெலிந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

அழுவாள் என்று சத்யப்ரியா எதிர்பார்த்தாள். அழவில்லை.

"இன்னொருத்திகிட்ட போயிருந்தாவன்னா ஒப்பாரி வச்சு ஓஞ்சிருப்பேன் சத்யா. நான் பெத்தவகிட்டல்லா என்னை விட்டுட்டுப் போயிருக்காவ."

அப்புறம் எழுந்து கையைக் கழுவினாள். அடுப்பை அணைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு வந்து, அந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சத்யப்ரியா முனிவேலைத் திரும்பக் கூப்பிட்டு, மாமாவுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்ப வேண்டும் என்று பொய் சொல்லி, அடையாளம் கேட்டு வாங்கினாள். தானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினாள். பேச்சியம்மாள் தடுத்துவிட்டாள்.

"நீ இங்கனயே உக்காந்து பாரு. நாளைக்கு உங்க மாமா, நான் அங்க போகவே இல்லன்னு சொன்னாவன்னா, பாத்ததுக்கு ஒரு ஆள் வேணும்லா."

ஆட்டோ கிளம்பியது. சத்யப்ரியா திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். செல்போனில் புனேயிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான் கமலக்கண்ணன். கேமரா என்னாச்சு என்று கேட்பான். நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லவா முடியும்? அவள் எடுக்கவில்லை.

மத்திகிரி ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் அந்த நேரம் அவளுக்கு நகரவே இல்லை. மாமா அதற்குள் கிளம்பிப் போய்விடக் கூடாதே என்று ஒரு பக்கம் தவித்தாள், கிளம்பிப் போய்விட்டால் நல்லது என்று இன்னொரு பக்கம் நினைத்தாள். நாலு வருஷம் தாயையும் மகளையும் பிரித்து வைத்துவிட்டு, தான் மட்டும் திருட்டுத்தனமாகப் போய் வாழைப்பழம் உரித்து ஊட்டுகிற மனுஷனை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. பாசம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, துரோகம் என்று சொல்லவும் வரவில்லை. அவர் ஊட்டிய பழத்தைக் குழந்தை துப்பியது, அதையும் துடைத்தார்.

வலது பாதியில் ஆட்டோ வந்து நின்றது.

பேச்சியம்மாள் இறங்கினாள். சத்தம் கேட்டு ராஜலட்சுமி வாசலுக்குப் போனாள். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் தாய், இந்தப் பக்கம் மகள். கேமரா உள்ளேயிருந்து பார்ப்பதால் மகளின் முதுகும் தாயின் முகமும்தான் தெரிந்தன. பேச்சியம்மாளின் வாய் அசைந்தது. என்ன சொன்னாளோ, ராஜலட்சுமி கதவைத் திறக்கவில்லை. திரும்பி விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு மாடசாமி பதறி எழுந்தார். குழந்தை மடியிலிருந்து சறுக்கி விழுந்தது. அதை அவர் தூக்கவில்லை. சட்டையை எடுத்தார், கீழே போட்டார், மறுபடி எடுத்தார்.

ஓசூர் வீட்டில் லேண்ட்லைன் அடித்தது.

"மதினி, ராஜி பேசுதேன்."

திரையில் அவள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. குரல் முந்தி வந்தது, வாய் அசைவது பிந்தி வந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற குரல்.

"எங்க அம்மையை வந்து கூட்டிட்டுப் போங்க. இங்க வந்து நிக்கா."

"ராஜி, முதல்ல கதவைத் திற."

"எதுக்குத் திறக்கணும்? நான் பிள்ளை பெத்துக் கெடந்ததுல இருந்து அப்பா வாரா வாரம் கூப்பிட்டுப் பாத்துட்டாவ. வரவே மாட்டேன், அவ எனக்குப் பிள்ளையே இல்லன்னு சொல்லிட்டாளாம். அப்பா அழுதுருக்காவ மதினி, என் மடியில படுத்து அழுதுருக்காவ, உங்க அம்மை மனசு கல்லுன்னு. நானும் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்லா. இன்னைக்கு மட்டும் எதுக்கு வந்தா?"

திருட்டுத்தனமாகப் போய் வருகிறார் என்பது வரைக்கும்தான் சத்யப்ரியாவுக்குத் தெரிந்திருந்தது. இது அதற்கும் மேலே. சத்தியம் வாங்கியது அவர். வாயைக் கட்டியது அவர். மகளிடம் போய், உன் தாய்தான் கல் என்று சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாளை ஒரு நாள் அங்கே அழைத்துப் போயிருந்தால் இந்தப் பொய் நிற்காது. அதனால்தான் அழைத்துப் போகவில்லை. தாயை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தால்தான் மகளிடம் அவர் நல்ல அப்பா.

"மாமாவா அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"பின்ன யாரு? இருங்க, அவகிட்டயே கேக்கேன். நீங்களும் கேட்டுக்கிடுங்க."

ராஜலட்சுமி செல்போனோடு வாசலுக்குப் போனாள். மாடசாமி அவள் பின்னாலேயே போய், இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். போன் வழியாக அவளுடைய கேள்வி தெளிவாகக் கேட்டது.

"அம்மா, உண்மையச் சொல்லு. உன்னைய அப்பா கூப்பிட்டாவளா இல்லியா?"

பேச்சியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் மகளைத் தாண்டி, பின்னால் நின்ற புருஷனிடம் போனது. மாடசாமி பேசவில்லை. பேசினால் மகளுக்குக் கேட்கும். அவர் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, பெண்டாட்டியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் யாரையும் கும்பிட்டதாகச் சத்யப்ரியாவும் கேள்விப்பட்டதில்லை, ஊரும் பார்த்ததில்லை.

போனில் எங்கோ தெலுங்கில் யாரோ யாரையோ கூப்பிட்டது மட்டும் கேட்டது. அதன் பிறகு பேச்சியம்மாளின் குரல், ரொம்பச் சாதாரணமாக வந்தது.

"ஆமாட்டி. கூப்பிட்டாவ. நாந்தான் வரலை."

சத்யப்ரியாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. நீ சாட்சிக்கு உட்கார் என்று சொல்லிவிட்டுப் போனவளா இவள்? மகளுக்கு அப்பாவாவது மிஞ்சட்டும் என்று நினைத்துவிட்டாளா? இல்லை, கும்பிட்ட கையைப் பார்த்ததும் மனசு விட்டுவிட்டதா? அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அந்த மங்கலான படத்தில் எதுவும் தெரியவில்லை.

"கேட்டீங்களா மதினி?" ராஜலட்சுமியின் குரல் உடைந்திருந்தது. "அவ வாயாலேயே சொல்லிட்டா. இப்ப நீங்க சொல்லுங்க. நான் கதவைத் திறக்கவா, வேண்டாமா?"

சத்யப்ரியா திரையைப் பார்த்தாள். மாமா இன்னும் கையைக் கீழே இறக்கவில்லை. அத்தை குனிந்து, கம்பிக்குப் பின்னால் வந்து நின்ற பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரில் ஒருவரும் இந்த வீட்டிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பதை அப்போது நினைத்ததாகத் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தையின் மானம் போகும். திறந்தால் மாமாவின் மானம் போகும். நாளைக்கும் அந்த இரண்டு பேரோடுதான் ஒரே வீட்டில் சோறு பொங்க வேண்டும்.

"ராஜி" என்றாள். "உங்க அம்மா பொய் சொல்றாங்க."

வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. படம் பின்தங்கித்தான் வரும் என்பதால், திரையில் இன்னும் யாரும் அசையவில்லை.